சோணைமுத்துவின் முகம்

மண்டபம்
12.2.2024

அன்புத் தங்கச்சி தஸ்னீமுக்கு,

செவ்வந்தி அக்கா எழுதுவது. பெங்களூரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஞாபக ஆராய்ச்சி என்று எங்கள் தெருப் பெண்களுக்கு லேப்டாப்பில் முகங்களைக் காட்டி, “முன்னாடி பாத்த முகமா?” என்று கேட்டாயே. பாதியில் நான் எழுந்து போனது தலைவலியால் இல்லை. அதில் என் வீட்டுக்காரர் சோணைமுத்து இருந்தார்.

அவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் பதினொரு வருஷம். மகள் அப்போது கைக்குழந்தை. புயல் தண்ணீரில் கல்யாணப் படமும் போய்விட்டது. லேப்டாப்பில் காட்டிய அந்த முகத்தைப் படமாக அனுப்பு.

செவ்வந்தி

பெங்களூர்
20.2.2024

அன்புள்ள அக்கா,

அது யாருடைய முகமும் இல்லை. கம்ப்யூட்டர் உருவாக்கியது. யாரும் பார்த்திருக்கவே முடியாத முகம் வேண்டுமென்றுதான் வைத்தோம்.

மூளை ஒரு முகத்தை நினைக்கும்போதெல்லாம் புதிதாக வரைகிறது. இந்தப் படம் கண்முன் இருந்தால் இதையே பார்த்து வரையும். உள்ளதும் அழிந்துவிடும். வேண்டாம் அக்கா.

தஸ்னீம்

மண்டபம்
3.3.2024

தங்கச்சி,

அழிய என்ன இருக்கிறது? எனக்கு ஞாபகம் வருவது வலையைச் சுமந்து போகிற முதுகு மட்டும்தான். “எல்லார் வீட்டுலயும் அய்யா படம் இருக்கு, இங்கன மட்டும் ஏன்மா வெறுஞ்சுவரு?” என்கிறாள் மகள். அனுப்பு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

செவ்வந்தி

பெங்களூர்
15.3.2024

அக்கா,

படம் இதனுடன் இருக்கிறது. எனக்கு மனசே இல்லை. மகளிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

தஸ்னீம்

மண்டபம்
9.1.2025

தங்கச்சி,

மகளிடம் நான் சொல்லவில்லை. படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தோம்.

போன வாரம் மத்தியானம் ஒரு ஆள் வாசலில் நின்று, “செவ்வந்தி, நாந்தேன்” என்றார். தலையில் அடிபட்டு, பேர் ஊர் மறந்து, ஆந்திராவில் ஒரு காப்பகத்தில் கிடந்தாராம். இப்போதுதான் ஞாபகம் திரும்பியதாம். கடலாடியிலிருந்து அவர் அண்ணன் பாண்டித்துரை ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார். வந்தவர் தன் கையில், பிரசவ வலியில் நான் கடித்த தழும்பைக் காட்டினார். என் பல்வரிசைதான். ஆனால் முகம்? அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, தஸ்னீம். மகள் சுவரைக் காட்டி, “எங்கய்யா அந்தா இருக்காரு” என்று சொல்லிவிட்டாள்.

அவர் படத்தையே வெகுநேரம் பார்த்தார். “இவன் யாருடி?” என்று கேட்டார். மூன்று நாள் தலைகுனிந்தே சோறு போட்டேன். நான்காம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

தினமும் போன் செய்கிறார். குரல் அவருடையதுதான், கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறேன். “எப்ப வரட்டும்?” என்று கேட்கிறார். நாளைக்கு, நாளைக்கு என்கிறேன்.

அவருடைய பழைய முகம் என் தலைக்குள் எங்காவது மிச்சம் இருக்குமா? உன் படிப்பில் வழி இருந்தால் உடனே எழுது.

செவ்வந்தி