இருட்டும் முன் கிளம்பும் அப்பா

மே 3, வெள்ளி

இன்றும் அப்பா இருட்டுவதற்குச் சற்று முன்னால் தொப்பியை எடுத்துக்கொண்டார். அம்மா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் கழுவினேன். டிரக் கிளம்பும் சத்தம் கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்தே விட்டிருந்தேன். ஆனாலும் கேட்டது.

மே 6, திங்கள்

குடியிருப்பு மேலாளர் கார்லா டார்ச் விளக்கோடு சுற்றி வருகிறாள். எந்த வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்று பார்ப்பதற்குத்தான். எங்கள் வாசலில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறாள்.

"உங்கப்பா பகல்ல வரட்டும், சாப்பிடட்டும், நான் ஒண்ணும் சொல்லல, லேசி. ராத்திரி தங்கக்கூடாது. பெருங்குற்றப் பதிவு இருக்கறவங்க பேரை என்னால வாடகை ஒப்பந்தத்துல சேர்க்க முடியாது. இன்னொரு தடவை பார்த்தேன்னா உங்க மூணு பேருக்குமே வீடு இல்ல."

நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பதினேழு வயது. இன்னும் யாராவது குரலை உயர்த்தினால் தலையை ஆட்டத்தான் வருகிறது.

அப்பா தன் பெரியப்பா மகனுடைய நிலத்தில், ஓடைக்கு மேலே, ஒரு பழைய கேரவன் வண்டி வீட்டில் இருக்கிறார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அந்தக் கேரவன் படிகளில் அவளால் ஏற முடியாது. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை இருப்பது இந்த வீட்டில்தான். அதனால் அவர் அங்கே, நாங்கள் இங்கே.

மே 10, வெள்ளி

நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்கு எல்பர்ட் நேப்பியர் வந்தார். ஒவ்வொரு வெள்ளியும் மதியம் வருவார். மிளகாய்க் குழம்பு ஊற்றிய ஹாட் டாக், ஒரு டம்ளர் மோர். நான் சின்ன ஜன்னல் வழியாக நீட்டுவேன், அவர் வாங்கிக்கொண்டு வெளியே மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவருக்கு நான் யார் என்று தெரியாது. எனக்கு அவர் யார் என்று தெரியும்.

அவருடைய மலையில்தான் அப்பா ஜின்செங் கிழங்கைத் திருட்டுத்தனமாகத் தோண்டினார். மருந்துக்கு நல்ல விலை போகும் காட்டுக் கிழங்கு. அப்போது எனக்கு ஆறு வயது.

"அந்தக் கிழவரைப் பார்த்தா மட்டும் ஏன்டி தரையில என்னமோ தேடற?" என்று கடைக்கார வில்மாக்கா கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். "தரையில ஏதாவது கெடைச்சா பாதி எனக்கு" என்றாள்.

மே 15, புதன்

நேற்று ராத்திரி அம்மா குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்துவிட்டாள். என்னால் தூக்க முடியவில்லை. எப்படித் தூக்கினாலும் அந்தப் பக்கம் சரிகிறாள். அவசர ஊர்தியைக் கூப்பிடாதே என்றாள், வெட்கமாம். தலையணையைக் கொண்டுவந்து தரையிலேயே அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

காலையில் ஆலைக்குப் போகும் வழியில் அப்பா வந்தார். ஒரே தூக்கு.

"என்ன ரோண்டா, கட்டில் பிடிக்கலியா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். பிறகு அப்பா வெளியே போய் டிரக்குக்குப் பின்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

சின்ன வயதில் அவர் வீட்டில் தூங்கியது ஞாபகம் இருக்கிறது. காலையில் காப்பி வாசனை, அடுப்பருகே காயும் பூட்ஸ். அது போதும் எனக்கு. வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் — யாரிடம் கேட்கிறேன்?

மே 16

அம்மாவுக்காகப் பள்ளியை விட்டாகிவிட்டது. அதைப் பற்றி நினைக்கவில்லை. பேருந்து மட்டும் வாசலைத் தாண்டிப் போனது.

ஜூன் 4, செவ்வாய்

நூலகத்தில் ஒட்டியிருக்கிறார்கள்: சனிக்கிழமை இலவச சட்ட உதவி முகாம். பழைய குற்றப் பதிவுகளை அழிப்பது எப்படி, கேள்விகளுக்குப் பதில்.

அப்பாவிடம் சொன்னேன்.

"அதெல்லாம் ஏழு வருஷத்துல தானா உதிர்ந்துடும்னுதானே சொன்னாங்க. நாமளும் இருந்து பார்த்தோம்ல."

இருந்து பார்த்தோம். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், முடி வெட்டுபவர்கூட. ஏழு வருடம் முடிந்த பிறகு இந்த வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, குற்றப் பதிவு உண்டா என்ற இடத்தில் அப்பா தைரியமாக 'இல்லை' என்று எழுதினார். கார்லா கணினியில் பார்த்தாள். இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அப்பா திருடர் மட்டுமல்ல, பொய்யரும்.

"நீங்க வாங்கப்பா" என்றேன்.

"ஊர் முன்னாடி உக்காந்து, நான் திருடன், என்னைக் கொஞ்சம் அழிச்சு விடுங்கன்னு கேக்கவா? வேற வேலை இல்ல?"

ஜூன் 8, சனி

நானே போனேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்.

வக்கீல் பெயர் மரிசா. கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை.

ஒரு அம்மாள்: "என் கேஸைத்தான் தள்ளுபடி பண்ணிட்டாங்களே. அப்புறம் ஏன் வேலை கேக்கப் போற எடத்துலெல்லாம் எனக்கு முன்னாடி அது போய் நிக்குது?"

"தள்ளுபடின்னா தண்டனை இல்லன்னு அர்த்தம். காகிதம் இல்லன்னு அர்த்தம் இல்ல. உங்களுது பழைய கேஸ். அழிக்கச் சொல்லி நீங்க தனியா மனு போடணும்."

தாடிக்காரர் ஒருவர்: "டென்னஸி பக்கம் கேஸ் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். அதையும் சேர்த்து இங்கேயே அழிச்சுடலாமா?"

"அந்த மாநிலச் சட்டம் வேற. அங்கதான் கேக்கணும்."

"இங்க ஒரு ரப்பர், அங்க ஒரு ரப்பர். சரி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டு.

நாற்காலிகளை மடக்க ஆரம்பித்த பிறகுதான் மரிசாவின் பக்கத்தில் போய் நின்றேன். ஏழு வருடக் கதையைச் சொன்னேன்.

"யார் சொன்னா?"

"எல்லாரும்."

"அந்த எல்லாரையும் ஒரு நாள் நான் நேர்ல பார்க்கணும்" என்றாள். கோபமாக இல்லை. "ஏழு வருஷம்ங்கறது கடன் பாக்கி விவகாரம்மா. தீர்ப்பான குற்றம் தானா எங்கேயும் போகாது. போய்க் கேட்டாத்தான் போகும். அதுக்கப்புறம் வேற வழக்கு ஏதாவது?"

இல்லை என்றேன். அப்பாவைப் போன்ற வழக்குக்கு இந்த மாநிலத்தில் வழி இருக்கிறதாம். தண்டனைக் காலம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், எப்போதோ ஆகிவிட்டது. மாநிலப் போலீஸ் தகுதிச் சான்று தர வேண்டும். அப்பாவே கையெழுத்துப் போட வேண்டும்.

கிளம்பும்போது சொன்னாள்: "இன்னொண்ணு. பாதிக்கப்பட்டவருக்கும் தகவல் போகும். அவர் தடை சொன்னா நீதிபதி விசாரிப்பார். அவர் வார்த்தைக்கு எடை உண்டு."

வீடுவரை நடந்தேன். எல்பர்ட் நேப்பியரின் கை மட்டும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. மோர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்குவார்.

ஜூன் 9, ஞாயிறு

பீன்ஸும் சோள ரொட்டியும். சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்து சொன்னேன். அப்பா தட்டைத் தள்ளினார்.

"அந்தாளு சரின்னு சொல்லுவான்னு நெனைக்கிறியா?"

"நெனைக்கல."

"அப்புறம்?"

அம்மாதான் மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்: "போடு, வர்ஜில். கையெழுத்துத்தானே."

பிறகு அப்பா அதைச் சொன்னார். இதுவரை என்னிடம் சொன்னதில்லை. அந்த வருடம் மர ஆலை மூடிக் கிடந்தது. அவருடைய அப்பா காலத்தில் அந்த மலைக்கு வேலியே கிடையாது, எல்லாரும் தோண்டுவார்கள். "ஆனா வேலி இருந்துச்சு. தாண்டித்தான் போனேன். அதை இல்லன்னு சொல்ல மாட்டேன்." இருந்த கிழங்கையெல்லாம் எடுத்துவிட்டார். விற்கப் போன இடத்தில் பிடித்துவிட்டார்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டால் கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஒத்துக்கொண்டார்.

"பழத்தையெல்லாம் மட்டும் தோண்டின குழியிலேயே அழுத்திட்டு வந்தேன். நல்லவன்னு காட்ட இல்ல. எங்கப்பா பழக்கினது. கை தானா செஞ்சுது."

எங்கள் பக்கம் அப்படித்தான். கிழங்கை எடுத்தால், சிவப்புப் பழத்தை அந்த இடத்திலேயே மண்ணில் புதைத்துவிட்டு வர வேண்டும். திருடப் போனவர் அதையும் செய்தாரா? சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன் என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 19, வெள்ளி

சான்று வந்துவிட்டது. மரிசா மனுவைத் தாக்கல் செய்துவிட்டாள்.

நேப்பியர் வந்தார். ஹாட் டாக், மோர். இன்னும் தகவல் போகவில்லை போல. மோரை விளிம்புவரை ஊற்றினேன். இது லஞ்சமா?

ஆகஸ்ட் 2, வெள்ளி

அவர் வரவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வந்தார். ஜன்னலில் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நீ வர்ஜில் ஸ்டிதமோட மகளா?"

தலையை ஆட்டினேன்.

"இத்தனை நாளா உன் கையாலதான் சாப்பிட்டுட்டு இருந்தேனா?"

மறுபடி தலையை ஆட்டினேன். பின்னால் வில்மாக்கா எண்ணெய்ச் சட்டியைக் கிளறுவதை நிறுத்திவிட்டாள்.

"அரசு வக்கீல் ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வந்திருக்கு. அழிச்சுடலாமான்னு கேக்கறாங்க. எதை அழிக்கறது? அந்தக் கெழங்கு எம் பெண்டாட்டி வெதைச்சது, தெரியுமா? மார்லீன். கல்யாணமான வருஷத்துலேர்ந்து ஒவ்வொரு பழமா அழுத்தி அழுத்தி வச்சா. அவ நோயில கெடந்த வருஷம்தான் உங்கப்பன் மலையேறி வந்தான். கடைசிவரைக்கும் அவகிட்ட நான் சொல்லவே இல்ல. நல்லா இருக்குன்னு சொன்னேன். தினம் பொய் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வாயில் வந்தது இதுதான்:

"அதுக்கப்புறம் நீங்க மேல போய்ப் பாத்தீங்களா ஐயா?"

"எதுக்குப் போகணும்? குழியைப் பாக்கவா?"

"பழத்தையெல்லாம் அப்பா அங்கேயே அழுத்திட்டு வந்தாராம்."

"ஓ. திருடிட்டு வெவசாயமும் பண்ணானா?"

போய்விட்டார். எதுவும் வாங்கவில்லை. வில்மாக்கா என் தோளைத் தொட்டு, "மூணு மாசத்துக்குண்டான பேச்சை இன்னிக்கே பேசிட்ட. போய் உக்காரு" என்றாள்.

நான் கெடுத்துவிட்டேனா? வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வரவில்லை.

ஆகஸ்ட் 23

வரவில்லை. அம்மா மறுபடி விழப் பார்த்தாள், சுவர் தாங்கியது. அப்பா கிளம்பும்போது அவள் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள், சரியாக இருக்கிற கையால். விளையாட்டுக்கு என்பதுபோல. பிறகு விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 30

வரவில்லை. மார்லீன் அம்மாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் போனது நல்லதா? அவளுக்கு அவர் பக்கத்தில் இருந்த மாதிரி அம்மாவுக்கு அப்பா பக்கத்தில் இருக்கத்தான் கேட்கிறோம். அதை அவரிடம் எப்படிக் கேட்பது — கேட்கக் கூடாது.

செப்டம்பர் 6, வெள்ளி

வந்தார். முழங்காலெல்லாம் மண். கன்னத்தில் முள் கீறல். ஜன்னல் பலகையில் ஒரு செய்தித்தாள் மடிப்பை வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு இலைக் காம்பு. ஐந்து இலை, விரல் விரித்ததுபோல.

"கெழங்கை எடுக்கல. இலை மட்டும்தான்" என்றார். "பாறை அடியிலேர்ந்து ஓடைவரைக்கும் செடி நிக்குது. அவ வச்ச எடத்துலேயே. பழம் சிவப்புச் சிவப்பா."

இலையைத் தொட்டுப் பார்த்தேன். அவர் தாளை மறுபடி மடித்தார்.

"அரசு வக்கீல் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணேன். நடந்தது நடந்துச்சு, நடக்கலன்னு நான் சொல்ல மாட்டேன்னேன். அது சரி, தடை உண்டா இல்லியான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. இல்லன்னேன்."

"ஐயா..."

"அழாத. மோர்ல உப்பு ஏறிடும். உங்கப்பன்கிட்ட ஒண்ணு சொல்லு. மானும் வான்கோழியும் தின்னு தீர்க்கறதுக்குள்ள யாராவது அந்தப் பழத்தையெல்லாம் மண்ணுல அழுத்தணும். என்னால குனிய முடியல. வேலி தாண்டாம கேட் வழியா வரச் சொல்லு, இந்தத் தடவை."

செப்டம்பர் 8, ஞாயிறு

அப்பா மலைக்குப் போனார். திரும்பி வந்து ரொம்ப நேரம் கை கழுவினார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. அவர் பாறையில உக்காந்து கையைக் காட்டினார், நான் அழுத்தினேன்."

பிறகு, "ஒரு எடத்துல மட்டும், அது வேண்டாம், அது மார்லீன் தன் கையால வச்ச வரிசைன்னார்" என்றார்.

செப்டம்பர் 26, வியாழன்

மரிசா கூப்பிட்டாள். நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார். விசாரணைகூட இல்லை. இனி யாராவது கேட்டால் 'பதிவு இல்லை' என்று அப்பா சொல்லலாமாம், அது பொய் ஆகாதாம். அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

கார்லா மறுபடி சரிபார்க்க வேண்டுமாம். சரிபார்க்கட்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

மதியம் கார்லா மூன்றாவது சாவியைக் கொடுத்தாள். "கணினியில ஒண்ணும் வரல" என்றாள், அதற்குக் கொஞ்சம் வருத்தப்படுபவள்போல. "டிரக்கைக் கோட்டுக்குள்ள நிறுத்தச் சொல்லு."

சாவியை மேசையில் வைத்தேன். அப்பா ஆலையிலிருந்து வந்தார், பார்த்தார், தொடவில்லை. சாப்பிட்டோம். அம்மா இரண்டாவது தடவை ரொட்டி கேட்டாள்.

வெளிச்சம் குறைய ஆரம்பித்ததும் அப்பா எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவுவரை போய்விட்டார். நான் கழுவுதொட்டியில் நின்றுகொண்டிருந்தேன், குழாய் திறந்திருந்தது.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் அம்மா.

அவர் தொப்பியைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார்.

"டிரக்கைக் கோட்டுக்குள்ள நிறுத்திட்டு வரேன்."

குழாயை மூடினேன். டிரக் கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம்தான். பிறகு நின்றது.