பூச்சியத்தில் நில்லாத ஊசி

இன்று மத்தியானம் என் மேசை விசிறி எரிந்துபோனது. இரண்டு முறை முனகியது, நின்றது, பிறகு அந்த மணம். செப்புக் கம்பியின் மேல் பூசிய மெருகு கருகுகிற மணம். அடுத்த வீட்டு மனுசன் வந்து கழற்றிப் பார்த்து, "சுருள் எரிஞ்சு போச்சு ரீச்சர், இனி ஏலாது" என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் குசினிப் பக்கம் ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். சோடா வாங்கிவரட்டோ என்று பாவம் அவர் கேட்டார். சோடாவுக்குத் தீருகிற காரியமா இது? எல்லாம் உம்மால் வந்த வினை. நீர் செத்துப்போய் நாற்பது நாளாகிறது. முப்பத்தோராம் நாள் சோற்றையும் தின்று, உம்மைத் தெய்வம் தெய்வம் என்று சொல்லி எல்லாரும் ஓய்ந்துவிட்டார்கள். இனி நான் கொஞ்சம் பேசுகிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப்போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. பெட்டைகளுக்கு எதற்கு விஞ்ஞானம் என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த காலம். நாம் இரண்டு பேரும் ரீச்சர்மார்: நீர் பௌதிகம், நான் இரசாயனம். ஒன்பதாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து நாமிருவரும் விஞ்ஞான வகுப்பைத் தொடங்கினோம். தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையைக் கூட்டித் துடைத்து ஆய்கூடம் என்று பெயர் வைத்தோம். மின்னோட்டம் அளக்க அலுமாரியில் ஒரேயொரு அம்பியர்மானி இருந்தது. கை கழுவாமல் அதைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவர் நீர்.

படிப்பிப்பதில் உமக்கு ஈடு நீர்தான். அதை நான் மறுக்கவில்லை. மின்கலம், ஓட்டத்தை விட்டு நிறுத்துகிற ஆளி, வெளிச்சக் குமிழ், அம்பியர்மானி எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியால் தொடுத்துவிட்டுச் சொல்லுவீர்: "ஓட்டம் இந்த மானிக்குள்ளால போனால்தான் பிள்ளையள் அதை அளக்கலாம். குமிழ் இல்லாமல் ஒருநாளும் நேரே பொருத்திப் போடாதேங்கோ, எரிஞ்சு போகும்." பிறகு இன்னொன்று: "ஆளியைத் திறந்து ஓட்டத்தை நிப்பாட்டிப்போட்டு, ஊசி பூச்சியத்தில நிக்குதோ எண்டு பாருங்கோ. அதைப் பாராமல் எடுத்த அளவு பொய்." பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக் கீழே கோடும் போட்டார்கள்.

வகுப்பு நடக்கலாமா, மூடுவதா என்று முடிவெடுக்கக் கல்வி அதிகாரி வர இருந்தார். அவருக்கு ஊசி நன்றாக ஓடிக் காட்ட வேண்டும் என்று உமக்கு ஆசை. லொறி பற்றரி ஒன்றை இரவல் வாங்கி, அவர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் தனியே நின்று பொருத்திப் பார்த்தீர். அவசரத்தில் குமிழை மறந்துவிட்டீர். நான் மணம் பிடித்து ஓடிவந்தபோது அம்பியர்மானியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றீர். கண்ணாடிக்குள் புகை சுற்றிக்கொண்டிருந்தது.

"அதிகாரியிட்ட உண்மையைச் சொல்லுவம்" என்றேன்.

"விசரே உமக்கு? கருவியில்லாத இடத்தில விஞ்ஞானம் ஏனெண்டு மூடிப்போட்டுப் போவார். இருபத்தெட்டுப் பிள்ளையளும் தெருவில."

பிறகு நீர் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கண்ணாடியைக் கழற்றி, குண்டூசியால் ஊசியைத் தள்ளி, பூச்சியம் தசம் மூன்றில் கோந்து வைத்து ஒட்டினீர். எங்களிடமிருந்த குமிழ் இரண்டு டோர்ச் பற்றரியில் எடுக்கிற ஓட்டம் அவ்வளவுதான் என்று உமக்கு மனப்பாடம். எரிந்த மானிக்குள்ளால் ஓட்டம் போகாது, குமிழும் எரிய வேண்டுமே! அதற்காக மானியின் இரண்டு முனைகளையும் பின்புறமாக ஒரு கம்பித் துண்டால் தொடுத்துவிட்டீர். கோந்துப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

மறுநாள் பிள்ளைகள் குழு குழுவாக வந்தார்கள். ஆளியைப் போட்டார்கள், குமிழ் எரிந்தது, தசம் மூன்று என்று வாசித்தார்கள். அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியாக, கடற்கரைக் கிராமமான சல்லியிலிருந்து வருகிற செல்வராணி வந்தாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். அந்த வகுப்பில் கணக்கு அவளுக்குத்தான் தண்ணீர் பட்ட பாடு. அவள் வாசித்துவிட்டு, ஆளியைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள். திரும்பவும் போட்டாள், திறந்தாள், குமிழ் எரிந்து அணைந்தது.

"ரீச்சர், குமிழ் நூந்திட்டுது. ஊசி பூச்சியத்துக்கு வரேல்லை."

இருபத்தெட்டுப் பேரில் உம்முடைய சொல்லைக் கேட்டு நடந்தவள் அவள் ஒருத்திதான். அவளை நீர் என்ன செய்தீர்? முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "என்னடி செய்தனி? நல்லாயிருந்த சாமானை உடைச்சுப் போட்டியே!" என்று கத்தினீர். பிள்ளை ஆளியிலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தது. அதிகாரி என் பக்கம் திரும்பி, "நேற்று இது வேலை செய்ததோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர்" என்றேன்.

வகுப்புத் தப்பியது. கவனமில்லாத பிள்ளைக்கு ஆய்கூடம் சரிவராது என்று பள்ளிக்கூடத்தை நடத்திய பெரிய ரீச்சர் செல்வராணியைத் தையல் வகுப்புக்கு மாற்றினார். தகப்பனுக்குப் பயந்திருந்த அவளை நீர் மாமரத்தடிக்குக் கூப்பிட்டு, "கொப்பருக்கு நான் சொல்லமாட்டன், பயப்பிடாதை" என்றீர். அவள் உம்முடைய கையைப் பிடித்து நன்றி சொல்லி அழுதாள். அந்தக் கை விரலில் கோந்து காய்ந்து தோல்போல உரிந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் அதே விரலால் புட்டையும் பாரைக் குழம்பையும் பிசைந்து, "கறி நல்லாயிருக்கு, கொஞ்சம் எடுமன்" என்று எனக்கும் நீட்டினீர். சீ! நானும் வாங்கித் தின்றேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் உமக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்திருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்து நிற்பீர். உம்முடைய பகிடிகளுக்கு வயிறு நோகச் சிரித்திருக்கிறேன். புதிய அம்பியர்மானிகள் ஆறு வந்தன, பிள்ளைகள் படித்தார்கள், தாதிமார் ஆனார்கள், ஒருத்தி டொக்டரும் ஆனாள். அவர்கள் உம்முடைய செத்தவீட்டில் வரிசையாக நின்று புகழ்ந்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. யாரிலே குமட்டல் என்று அப்போது தெளிவாகத் தெரியவில்லை. உம்மிலே என்றுதான் நினைத்தேன்.

செல்வராணியும் வந்தாள், தெரியுமா? உம்முடைய காலைப் பிடித்துக் குழறி அழுதாள். பிறகு பதினாறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இவள் சோதினை பாஸ் பண்ணிட்டாள் ரீச்சர். விஞ்ஞானந்தான் படிப்பன் எண்டு ஒரே பிடி. நான் விடேல்லை, கலைப் பிரிவிலதான் சேக்கப்போறன். எங்கட கைராசி அப்பிடி. நான் தொட்டு அந்தச் சாமான் பழுதாப் போனது உங்களுக்குத் தெரியுந்தானே? இந்த ரீச்சர்தான் அப்பாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் விட்டவ. அந்த மனம் ஆருக்கு வரும்?"

மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுது வீங்கிய கண். அது உமக்காக அழுத அழுகை அல்ல.

நான் வாயைத் திறந்தேன். பிரேதம் கிடக்கிற வீட்டில் எப்படிச் சொல்வது என்று மூடினேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியட்டும் என்றேன். பிறகு முப்பத்தொன்று முடியட்டும் என்றேன். உம்முடைய மானத்தைக் காக்கிறேனாம்! என்ன வெட்கங்கெட்ட கதை. செத்துப்போன உமக்கு இனி என்ன மானம்? அதிகாரி உம்மைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். நான் "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஊசியை ஒட்டிய உம்மைவிட, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிய என்னிலேதான் எனக்கு இப்போது அருவருப்பு.

வெள்ளிக்கிழமையோடு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பிரிவுகளில் சேர்த்து முடித்துவிடுவார்கள்; அந்த மகளும் கலைப் பிரிவுக்குப் போய்விடுவாள். இன்று புதன். செல்வராணி இருக்கிற சல்லிக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலமும் இல்லை. பின்னேரம் சீலை மாற்றி, செருப்பைப் போட்டு, வாசல் படலைவரை போனேன். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் என்னைப் பார்த்துக் கூப்பிட்டும் பார்த்தான். அது போனபிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் உமக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.