வேரோனிக்கா இழைத்த பாய்

மல்வேர்ன், ஸ்காபரோ
08.02.2026

அன்பு மகள் நிலக்சிக்கு,

அப்பாவும் நானும் இந்தக் குளிருக்குள் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த வெயிலுக்குள் வருத்தம் துன்பம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். நீ ஆராய்ச்சிக்குப் போன தீவுக்கு மாதம் ஒரு தரம்தான் கப்பல் வரும் என்கிறாய், மலையில் ஏறி நின்றால்தான் ரெலிபோன் எடுக்கும் என்கிறாய், எடுத்தாலும் போன மாதம் நாங்கள் இருவரும் கதைத்த கதையை நினைக்க எனக்கு அதைத் தொடவே மனம் வரவில்லை. உன்னோடு ஆராய்ச்சி செய்கிற ஜூலியஸ் வருகிற வியாழன் திரும்பவும் அங்கே போகிறான் என்று அறிந்து, அவன் கையில் கொடுத்துவிட இதை எழுதுகிறேன். நேற்று அவனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தோம். கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான், நல்ல பிள்ளை, ஆனால் எந்தக் கறியை முதல் போடுவீர்கள், ஏன் அம்மா பிறகு சாப்பிடுகிறார் என்றெல்லாம் கேட்டுக் கொப்பியில் எழுதினான், எங்களையும் படிக்கத் தொடங்கிவிட்டான் என்று அப்பா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, ஆனாலும் விடிய ஐந்தரைக்கு எழும்பி ஸ்கூல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போகிறார், இந்தக் கிழமை மூன்று நாள் பனி கொட்டியது, வழித்துத் தள்ள ஆள் பிடியுங்கள் என்றால் கேட்கிறாரில்லை. தைப்பூசத்துக்கு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம். எங்கள் பழைய அப்பாட்மென்டில் மேல்மாடியில் இருந்த பேபி அக்கா உன்னை விசாரித்தார். தீவில் இருக்கிற சனங்களின் வாழ்க்கையை ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னேன். ஏன் பிள்ளை, சனத்தைப் பாக்கிறதெண்டால் ஸ்காபரோவிலை இல்லாத சனமோ, உவ்வளவு தூரம் போகவேணுமோ என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் அப்பா முந்திக்கொண்டு, இஞ்சை உள்ள சனத்தைப் படிக்கத் தேவையில்லை அக்கா, எங்களைப் பற்றி உங்களுக்கே எல்லாம் தெரியும் தானே என்றார். பேபி அக்காவும் சிரித்துவிட்டார். வரும் வழியில் காருக்குள் அப்பா சொன்னார், ஆரோ நாலு நாள் போய் நிண்டிட்டு அந்தச் சனத்தைப் பற்றி அரைகுறையா எழுதுவினம், எங்கட பிள்ளை இருந்து கேட்டு எழுதுவாள் என்று. உன்னிடம் நேரில் அவர் இதைச் சொல்லமாட்டார், அதுதான் நான் எழுதுகிறேன்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். உன்னைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிற வேரோனிக்கா ஆறு மாதம் இருந்து இழைத்த பாயை, போன ஐப்பசியில் உன் பேராசிரியை கொண்டுவந்து தந்தார். அவ்வளவு மெல்லிசான பாயை நான் கண்டதில்லை, பட்டு மாதிரி மடிகிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பொருளோடு வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. பக்கத்து வீட்டு ஏஞ்சலா கேக் கொண்டுவந்து தந்த தட்டைக்கூட அன்று பின்னேரமே வடை போட்டுத்தானே திருப்பிக் கொடுத்தேன். அதே மாதிரி மற்றக் கிழமையே கடைக்குப் போய் வேரோனிக்காவுக்கு இரண்டு பட்டுச் சேலை, அவரின் கணவர் சீமோனுக்கு வேட்டி சால்வை, ஒரு வெள்ளித் தட்டு, எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் அடுக்கி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அது எவ்வளவு பெரிய பிழை என்று நீ மலையில் நின்று சொன்னபோதுதான் தெரிந்தது. அங்கே ஒரு பெண்ணை மகளாக எடுக்கிறவர்கள் பெற்றவர்களுக்குப் பாய் கொடுப்பார்களாம், பெற்றவர்கள் அதை வாங்கி வருசக்கணக்காகப் பேசாமல் வைத்திருக்க வேண்டுமாம், பதில் கொடுக்காத வரைக்கும்தான் இரண்டு வீட்டுக்கும் உறவாம். உடனே பதில் கொடுத்தால், எல்லாம் முடிந்தது, எங்கள் பிள்ளையைத் திருப்பித் தாருங்கள் என்று பொருளாம். வேரோனிக்கா பெட்டியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடி வைத்துவிட்டு எழும்பிப் போனாராம். அதற்குப் பிறகு சாப்பாட்டிலும் படுக்கையிலும் ஒரு குறையும் வைக்கவில்லை, ஆனால் உன்னை விருந்தாளி ஆக்கிவிட்டார். சீமோனின் அண்ணன் செத்தபோது வீட்டுப் பெண்கள் உள்ளே சுற்றியிருந்து வம்சக் கதை சொல்லி அழ, உன்னை வெளியே, துக்கம் விசாரிக்க வந்த சனத்தோடு இருத்தினார்களாம். அந்தக் கதைகளைக் கேட்கத்தானே மூன்று வருசமாக அவர்களின் மொழியைப் படித்தாய். வீட்டு மகளாக உள்ளே போக முடியாவிட்டால் ஆராய்ச்சி பாதியில் நிற்கும் என்றாய். அம்மா, நீங்க என்னைத் திருப்பிக் கேட்டுப் போட்டீங்கள் என்று அழுதாய். நான் பெத்த பிள்ளையை நான் கேட்டால் என்ன பிழை என்று சொல்லி நான் ரெலிபோனை வைத்துவிட்டேன்.

பழக்க தோசத்தில் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். பாயோடு ஒரு படமும் அனுப்பியிருந்தாய், வேரோனிக்கா உன் தலைக்கு எண்ணெய் வைக்க நீ கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாய். பத்து வயதுக்குப் பிறகு எனக்குத் தலையைக் காட்டாத பிள்ளை. அம்மாவோடு என்று படத்துக்குப் பின்னால் எழுதியிருந்தாய். எனக்கு வயிறு எரிந்தது. சேலைக் கடையில் நின்ற பிள்ளை, உதைவிட மலிவா வடிவான சேலை இருக்கு அன்ரி என்று காட்ட, வேண்டாம், ஆகத் திறமானதை எடு என்றேன். அந்தப் பாயை மிஞ்சிப் போகவேண்டும், அந்த மனுசிக்கு நான் ஒன்றும் பாக்கி இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஆக, வேரோனிக்கா என்னைப் பிழையாக விளங்கவில்லை. என் மனதில் இருந்ததைத்தான் அவர் அந்தப் பெட்டியில் கண்டிருக்கிறார்.

நேற்று ஜூலியஸ் அந்தச் செத்த வீட்டுக் கதையை முழுக்கச் சொன்னான், நீ எனக்குச் சொல்லாமல் விட்டதையும் சொன்னான். வெளியே இருத்தியதும் நீ கொப்பியை எடுக்கவில்லையாம், முகத்தைத் தொங்கப் போடவும் இல்லையாம். துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய், நானூறு பேருக்குச் சமைக்கிற இடத்தில் தேங்காய் திருவ இருந்தாயாம், மூன்று நாளும். கையெல்லாம் கொப்புளமாம். அங்கேயுள்ள பெண்கள் இதை யார் பழக்கியது என்று கேட்க, என் அம்மா, வெள்ளிக்கிழமைகளில் திருவி முடிக்காமல் எழும்ப விடமாட்டார் என்றாயாம். வேரோனிக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாராம். ரின்னிலை தேங்காய்ப்பால் விக்குது, ஏனம்மா உந்த வேலை என்று நீ மூக்கால் அழுதது எனக்கும் மறக்கவில்லை. ஜூலியஸ் சொல்லி முடிக்க அப்பா எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை வரவில்லை பிள்ளை, பெருமைதான் தாங்க முடியவில்லை. பட்டம் வாங்கின பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தள்ளி வைத்த வீட்டின் துக்கத்துக்கே குந்தியிருந்து வேலை செய்த பிள்ளை என்னுடைய பிள்ளை.

இனி எழுதுவதை வேரோனிக்காவுக்கும் சீமோனுக்கும் முன்னால் இருந்து அவர்களின் மொழியில் வாசித்துச் சொல். அக்கா, நீங்கள் இழைத்த பாய் என்னிடம்தான் இருக்கிறது, இனியும் இருக்கும். அதை அலுமாரியில் பூட்டவில்லை, முன் அறையில் விரித்து, என் மகளின் மற்றத் தாய் இழைத்தது என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் போட எழும்பிப் போனேன், இப்போது பழகிவிட்டது. பதிலுக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை. நிலக்சியை உங்கள் வீட்டுப் பெண்களோடு உள்ளே இருத்துங்கள். பிழை விட்டால் ஏசுங்கள், என்னிடம் வாங்கி அவளுக்கு நல்ல பழக்கம். நான் உங்களுக்குக் கடமைப்பட்டவளாகவே இருக்க விரும்புகிறேன்.

இது மட்டும்தான் அவர்களுக்கு. உனக்கு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பாறையில் வெறுங்காலோடு திரியாதே, கொப்புளத்துக்கு மருந்து ஜூலியஸிடம் கொடுத்திருக்கிறேன், மாதம் ஒரு தரமாவது மலையேறி எங்களோடு கதை, இனி நான் ரெலிபோனை இடையில் வைக்கமாட்டேன். நீ போன காரியம் சரிவந்து, கேட்க வேண்டிய கதையெல்லாம் கேட்டு, நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

மறக்காமல் ஒன்று செய். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது, சொந்தக்காரர் கேள்விப்பட்டால் ஒரு வருசத்துக்குக் கதைப்பார்கள், கதைக்கட்டும். நான் அனுப்பிய பெட்டியை, சேலை வேட்டி தட்டு எல்லாவற்றோடும், ஊர்ச்சனம் எல்லாரும் பார்க்க ஜூலியஸ் கையில் கொடு, அவன் திரும்பி வரும்போது கொண்டுவரட்டும். பெட்டியைத்தான் திருப்பிக் கேட்கிறேன் மகள், உன்னை இல்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா