இடது பக்கத்து சீட்

விழுப்புரம்
12.6.2014

அன்புள்ள சீனுவாசன் அவர்களுக்கு,

நலம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகம்தானே? முந்தாநாள் போன் செய்தேன். நான் ஒன்று கேட்க, நீங்கள் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் உங்கள் மகள் சங்கவி போனை வாங்கி, "அப்பாவுக்குக் காது சுத்தமா கேக்கறதில்லீங்கம்மா, லெட்டர் போடுங்க, நல்லா படிப்பாரு" என்றாள். பதினோரு வருடம் என் ஆபீஸ் ஜீப்பை ஓட்டியவருக்கு மெமோவைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை.

பி.டி.ஓ. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. சொந்தமாக ஒரு வண்டி வாங்க நினைத்திருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் என் மகன் பிரபு சின்னக் காரே போதும் என்கிறான். எனக்கோ இப்போது வந்திருக்கிற குட்டி எஸ்.யூ.வி. மேல்தான் ஆசை. திண்டிவனம் ஷோரூமில் நிற்கிறதாம். போய்ப் பார்த்து நிறை குறை எழுதுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் வாங்கமாட்டேன். 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அந்தோணிமேரி


கிளியனூர்
23.6.2014

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

சீனுவாசன் வணக்கத்துடன் எழுதுவது. சங்கவியைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைப் பார்த்தேன். ஷோரூமில் ரஞ்சித் என்பவர் ஓட்டினார். மயிலம் வரை போய்த் திரும்பினோம்.

நிறைகள். படி ரொம்ப உயரமும் இல்லை, தாழ்வும் இல்லை. புடவைக் கொசுவம் தடுக்காமல் ஏறலாம். உங்கள் முட்டிவலிக்கு இது பெரிய விஷயம். காலை நீட்ட இடம் இருக்கிறது. முன்னால் இருக்கும் பெட்டியில் மாத்திரை டப்பா, டிபன் பாக்ஸ், குடை எல்லாம் வைத்துப் பார்த்தேன், மூடுகிறது. தலை சாய்க்கும் பஞ்சு கெட்டியாக இருக்கிறது. கேம்ப் முடிந்து திரும்பும்போது செஞ்சி தாண்டியதுமே தூங்கிவிடுவீர்கள். ஜீப்பில் உங்கள் தலை கம்பியில் முட்டிக்கொண்டே வரும். இதில் முட்டாது.

குறைகள். டிக்கி சிறுசு, இரண்டு மல்லாட்டை மூட்டை வைத்தால் கதவு மூடாது. ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கிறது, உங்களுக்குச் சளி பிடிக்கும்.

வண்டி எடுத்ததும் ஒரு கார்டு போடுங்கள், உடனே வந்துவிடுகிறேன். காதுதான் போனதே தவிர கண்ணும் காலும் நன்றாகவே இருக்கின்றன. காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சீனுவாசன்


விழுப்புரம்
30.6.2014

அன்புள்ள சீனுவாசன் அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கண் கலங்கிவிட்டது. முழுக்க முழுக்க இடது பக்கத்து சீட்டைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். ஸ்டியரிங், கிளட்ச் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்.

தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஜனவரியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இரண்டு முறை எட்டுப் போட்டுத் தோற்று, மூன்றாம் முறை தேறி, போன மாதம் லைசென்ஸ் வந்துவிட்டது. நான்தான் ஓட்டப்போகிறேன்.

மேல்மலையனூர் கோயில் அமாவாசை டியூட்டி முடிந்த ஒரு காலையில், கூட்டம் கலைந்த மைதானத்தில், ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "கவர்மெண்டு வண்டிம்மா, வேணாம்" என்றீர்கள். நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஆசை போகவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஹாரன் சத்தம் கேட்காத உங்களை பைபாஸில் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. கோபம் வந்தாலும் பரவாயில்லை, கோபப்பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இன்னொரு முறை போய், ஐந்தடி உயரமுள்ள ஒருத்தி ஓட்டலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அந்தோணிமேரி


கிளியனூர்
24.7.2014

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கோபம் இல்லை. மனசு உடைந்துபோனது, அதுதான் உண்மை. சங்கவிதான் நோட்டில் பெரிதாக எழுதிக் காட்டினாள். "அந்தம்மா உன்ன வேலைக்கா கூப்ட்டாங்க? யோசனைதானப்பா கேட்டாங்க. நீயா ஒண்ணு நெனச்சிக்கினு ஏன் பேஜாரு பண்ற?"

நேற்று மறுபடி போனேன். சங்கவியும் உங்கள் உயரம்தான், அவளை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துப் பார்த்தேன். சீட்டை உயர்த்த ஒரு பிடி இருக்கிறது. நான்கு தடவை அடித்தால் பானட்டின் நுனி தெரிகிறது. கிளட்ச் லேசு. முன் கண்ணாடியின் ஓரத்துத் தூண் தடிமன், வலதுபுறம் திரும்பும்போது வரும் சைக்கிள்காரரை அது மறைக்கிறது. கழுத்தை நீட்டிப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும். இரண்டாம் கியரில் வண்டி கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்பும், பயந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். முதல் மாதம் பைபாஸ் வேண்டாம்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. வண்டியில் ஸ்டியரிங் ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள்.

வாங்குங்கள் அம்மா. நல்ல வண்டி.

தங்கள்,
சீனுவாசன்


விழுப்புரம்
2.9.2014

அன்புள்ள சீனுவாசன் அவர்களுக்கு,

வண்டி வந்துவிட்டது, வெள்ளை நிறம். ஒரு மாதம் டவுனுக்குள்ளேயே ஓட்டிப் பழகப்போகிறேன். அக்டோபர் ஐந்தாம் தேதி ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் கிளியனூர் வருகிறேன். மேல்மலையனூர் போய்வருவோம். காக்கிச் சட்டை வேண்டாம். இடது பக்கத்து சீட் உங்களுக்கு. அதைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அன்புடன்,
அந்தோணிமேரி


கிளியனூர்
7.10.2014

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.

முதலில் குறைகள். கியர் மாற்றியபிறகும் கிளட்சிலிருந்து காலை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள், தகடு தேய்ந்துவிடும். பஸ்ஸுக்கு வழிவிடும்போது மண்ணில் ரொம்ப இறக்குகிறீர்கள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மைதானத்தில் மூன்று ரவுண்டு சுற்றினீர்கள். அன்றைக்கே ஒரு ரவுண்டு கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

போகும்போது வல்லம் வரைக்கும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. பிறகு தானாக நின்றுவிட்டது. செஞ்சி மலையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். அத்தனை வருடமும் ரோட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

திரும்பும்போது செஞ்சி தாண்டியது தெரியும், அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. கிளியனூரில் வீட்டு வாசலில் வண்டி நின்றபிறகுதான் விழித்தேன். ஓடுகிற வண்டியில் நான் தூங்கியது அதுதான் முதல் தடவை.

தலை எங்கேயும் முட்டவில்லை.

அன்புடன்,
சீனுவாசன்