ஒன்பது தையல்காரிகளும் ஒரே தையல் மெஷினும்

அனுப்புநர்:
தையல்காரி (உண்மையாகவே தைப்பவர்),
மாடிப்படிக்குக் கீழ் அறை,
மாவு மில்லுக்குப் பின்புறச் சந்து.

பெறுநர்:
மண்டல மேலாளர் அவர்கள்,
சிறுகடன் பிரிவு.

பொருள்: எங்கள் சந்தில் ஏற்கெனவே ஒன்பது தையல்காரிகள் இருப்பதாகக் கூறி எனக்குக் கடன் மறுத்தது – அந்த ஒன்பது பேருக்கும் ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பது – மறுபரிசீலனை வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினாறு ஆண்டுகளாகத் தையல் வேலை செய்து பிழைக்கிறேன். கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பார், அந்த நான்கு நாளும் தூங்குவார். என் மெஷினின் வலது பக்கத்தில், என் மகள் மூன்று வயதில் ஆணியால் கீறிய பூனைப் படம் ஒன்று உள்ளது. மனுவுக்கு அவசியம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

2. சென்ற ஆண்டு தங்கள் கள அலுவலர் எங்கள் சந்துக்கு வந்து, பெண்களுக்குப் பிணையின்றிச் சிறுகடன் தருவதாகத் தெரிவித்தார். அவர் கொண்டுவந்த படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘தையல்’ என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. காய்கறி வண்டி அக்கா, “எனக்கு வண்டிக்குச் சக்கரம்தான் சார் மாத்தணும்” என்றார். அலுவலர், “சக்கரத்துக்கு இதுல இடமில்லக்கா. மெஷினுக்குன்னு போட்டுக்கோங்க, சக்கரம் தானா சுத்தும்” என்றார். இவ்வாறாகக் காய்கறி வண்டி அக்கா, இஸ்திரி போடும் அண்ணி, மீன்காரம்மா, பெயின்டர் மனைவி உள்ளிட்ட ஒன்பது பேர் ஒரே பிற்பகலில் தையல்காரிகள் ஆனார்கள். எனக்கு அப்போது கடன் தேவைப்படவில்லை. ஆகவே நான் ஆகவில்லை.

3. வாங்கிய மெஷினுடன் புகைப்படம் வேண்டும் என்று அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அன்று என் மெஷின் ஒன்பது வீடுகளுக்குப் போய் வந்தது. மீன்காரம்மா அதன் சக்கரத்தைத் தராசு பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். பெயின்டர் மனைவி மெஷினின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படமும் ஏற்கப்பட்டது. நான் உடந்தை என்பதை மறைக்கவில்லை. மூன்றாவது மாடிவரை தூக்கிச் சென்றவளே நான்தான்.

4. ஒன்பது பேரும் இதுவரை ஒரு தவணைகூடத் தவறவில்லை. வண்டிக்குச் சக்கரம் வந்தது. மீன்காரம்மா ஐஸ் பெட்டி வாங்கினார். இஸ்திரி அண்ணியின் மகளுக்குக் காதில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இப்போது பின்னாலிருந்து கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்க்கிறாள். தங்கள் கடனால் பலனில்லை என்று நான் சொல்ல வரவில்லை, ஐயா.

5. இம்மாதம் ஒரு பள்ளிக்கூடம் எனக்கு நூற்று நாற்பது சீருடைச் சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இவ்வளவு பெரிய வேலை எனக்கு வந்ததே இல்லை. காலால் மிதித்துத் தைத்தால் முடியாது. மோட்டார் மெஷின் வாங்க முப்பதாயிரம் கேட்டுக் கிளைக்குச் சென்றேன். கிளை மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, “உங்க சந்துல ஏற்கெனவே ஒம்பது டைலர் இருக்காங்கம்மா. நீங்களும் வந்தா அவங்க பொழப்பு என்னாகும்?” என்று மிகுந்த கருணையுடன் மறுத்தார். படங்களையும் காட்டினார். ஒன்பதிலும் பூனை இருந்தது. “சார், அது என் மெஷின்” என்றேன். “எதும்மா?” என்றார். “எல்லாமே, சார்” என்றேன். அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, என்னைச் சற்று நேரம் உட்காரச் சொன்னார்.

6. முழுவதையும் சொன்னால் ஒன்பது பேரின் கடனையும் உடனே திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மாலையில் குழாயடியில் ஒன்பது பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். காய்கறி வண்டி அக்கா, “எங்களுக்காக நீ ஏன்டி வாயை மூடிக்கிட்டு இருக்கணும்? உள்ளதை உள்ளபடி எழுது. வர்றது எங்களுக்கும் சேர்த்து வரட்டும்” என்றார். அதன் பேரிலேயே இம்மனு.

7. மறுநாள் முதல் ஒன்பது பேரும் தம் வேலை முடிந்ததும் என் அறைக்கு வந்து கைவேலை செய்கிறார்கள். மீன்காரம்மா தைத்த முதல் சட்டையில் இரண்டு கைகளும் ஒரே பக்கம் இருந்தன. பெயின்டர் மனைவி பொத்தானை உறுதியாகத் தைக்கிறார், ஆனால் தான் உடுத்தியிருப்பதையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார். அறுபத்து மூன்று சட்டைகள் முடிந்துள்ளன. பள்ளி திறக்க எட்டு நாட்களே உள்ளன.

ஆகவே, எனக்குக் கடன் வழங்குமாறும், இனிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் எதையும் அச்சடிக்காமல் காலியாக விடுமாறும், தவறாமல் தவணை கட்டிவரும் அந்த ஒன்பது பேர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்றும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கு யாரையும் எந்த நேரத்திலும் அனுப்பலாம். வருபவருக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கத் தெரிந்திருந்தால் மிகவும் நல்லது.

நாள்: மே 24
இடம்: மாடிப்படிக்குக் கீழ்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தையல்காரி

இணைப்பு: ஒன்பது பேரின் கையொப்பங்கள், அவரவர் உண்மையான தொழிலுடன்.