ஓசிப் பிரதிகளும் ஒரு பல்லும்

யுவ வருஷம் பங்குனி 20, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அச்சாபீஸிலிருந்து மீதி இருநூறு பிரதியும் வீட்டில் வந்து இறங்கியது. 'பங்களாக் கிணறு, முதல் பாகம்'. மட்டையில் என் பெயர் கொஞ்சம் கோணல். போகட்டும்.

இதுவரை ஓசியில் கொடுத்தது: பத்திரிகைகளுக்கு ஆறு. ஐந்தில் மூச்சே இல்லை. ஒன்றில் 'வரப்பெற்றோம்' என்று ஒரே வரி, மூலத் தைல விளம்பரத்துக்கு மேலே. எங்கள் வக்கீலுக்கு ஒன்று, கையெழுத்துப் போட்டு. அதை ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் அண்டை கொடுத்திருக்கிறார். இன்றுதான் பார்த்தேன். மேஜைக் காலைப் பிடுங்கி அவர் தலையில் ஒன்று போடக் கை துறுதுறுத்தது. "அந்தக் கட்டு எங்கேய்யா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். குமாஸ்தா வேறென்ன செய்வான்.

அச்சாபீஸ் நாயுடு சொல்வது: "கடையில ஈ ஓட்டிக்கினு கீறேன் சார். நாளன்னிக்கு அறுபத்துமூவர். ஊரே மாட வீதியில நிக்கும். மோர்ப் பந்தல் பக்கத்துல மேஜை போட்டு சும்மா குடுத்துடுங்க. படிச்சவன் நாலு பேர் வந்து 'ரெண்டாம் பாகம் எங்கே'ன்னு என்னைக் கேக்கணும். கேட்டா அச்சுக் கோப்பேன். இல்லாங்காட்டி இத்தோட சரி."

பதினோரு வருஷமாக எழுதுகிறேன். அச்சானது இது ஒன்று. இத்தோட சரியாம்.

ரெண்டாம் பாகம் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. ஆனால் கதையில் கல்யாணியைக் கொன்று கிணற்றில் போட்டது சமையற்காரன். அது எனக்கு மட்டும் தெரியும். மரகதத்திடம்கூடச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கட்டின பெண்டாட்டி, படித்தாளா என்றே தெரியாது.

ரசத்தில் உப்பில்லை. தட்டைத் தள்ளினேன், சுவர் வரை போயிற்று. ம. துடைத்தாள்.

பங்குனி 22, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

சாமி வருவதற்குள் மேஜை போட்டாயிற்று. ஜனம் கையை நீட்டிக்கொண்டே வருகிறது. யார் கொடுப்பது, என்ன கொடுப்பது என்று பார்ப்பதில்லை. இன்றைக்கு மயிலாப்பூரில் நீட்டின கையில் விழுவதெல்லாம் மோர், பானகம், விசிறி. குடிப்பார்கள், விசிறுவார்கள், போட்டுவிட்டுப் போவார்கள். அதில் என் புத்தகமும். இது ஏன் எனக்கு முன்னமே உறைக்கவில்லை?

காதில் விழுந்தவை:

"விசிறியா? மட்டை இன்னும் கெட்டியா இருக்கலாம்."

"குந்திக்க இன்னொண்ணு குடு நைனா."

"என்னது, கொலையா? நல்ல நாளும் அதுவுமா!"

அரை மணியில் இருநூறும் தீர்ந்தது. கடைசிப் பத்துக்கு அடிதடி. மேஜை சாய்ந்தது, என் சட்டை கிழிந்தது, ஒருத்தி என் காலை மிதித்துக்கொண்டே கையை நீட்டினாள். நாயுடுவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா சார்!"

பிறகு குளக்கரை மூலை. சுண்டல் விற்கும் கோவிந்தன், குப்பத்து ஆள், கூடையோடு உட்கார்ந்திருந்தான். ஜனம் கீழே போட்ட புத்தகங்களைப் பொறுக்கிப் பக்கத்தில் அடுக்கியிருந்தான். முப்பது நாற்பது இருக்கும். ஒன்றை எடுத்தான். சர்ரென்று கிழித்தான். கல்யாணியைக் கிணற்றிலிருந்து தூக்குகிற பக்கம். சுருட்டிச் சுண்டலைப் போட்டு நீட்டினான்.

என்ன கத்தினேன், நினைவில்லை. அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினேன். "இன்னா சார், இன்னா சார்" என்றான். வாயிலேயே குத்தினேன். கூடை உருண்டது. மறுபடி குத்தினேன். மறுபடியும். ரத்தம், அவனுடையதும் என்னுடையதும். அவன் பல் ஒன்று மண்ணில் கிடந்தது. அவன் கையை ஓங்கவே இல்லை. நாயுடுதான் என்னை இடுப்போடு பிடித்து இழுத்தார்.

இதை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதுகிறேன். இரண்டாவது குத்து இனித்தது.

பங்குனி 23, ஞாயிறு

வலது ஆள்காட்டி விரல் முட்டியில் கிழிசல். அவன் பல் பட்ட இடம். ம. மஞ்சள் அரைத்துப் போட்டாள்.

குளிக்கப் போகும்போது கொடியிலிருந்து துண்டை எடுக்கக் கையைத் தூக்கினேன். ம. முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். துண்டைத்தான் எடுத்தேன். வெட்கமாக இருக்கிறது.

பங்குனி 26, புதன்

இடது கையால். கோழிக் கிறுக்கல். வலது கை மணிக்கட்டு வரை வீக்கம், சீழ், ஜுரம்.

டாக்டர்: "நாய்க்கடியைவிட மனுஷன் பல் மோசம். கடிச்சானா?"

"இல்லை. நான்தான் குத்தினேன்."

"விரல் நிக்காது."

தாது வருஷம் சித்திரை 1, திங்கள்

வருஷப் பிறப்பு. விரல் போயிற்று. மற்ற விரல்களும் மடங்கவில்லை. ம. மாங்காய்ப் பச்சடி ஊட்டினாள்.

நாயுடு ஓடிவந்தார். "சார், ஜனம் கேக்குது! இதுவரிக்கும் ஒன்பது பேர். ஒருத்தன் கையிலயும் புஸ்தகம் இல்லை, எல்லாம் எண்ணெய்க் காகிதம்! சுண்டல் வாங்கினவன் படிச்சுட்டு, மிச்சப் பக்கத்துக்காக மறுநாளும் சுண்டல் வாங்கறான். எழுதுங்க, கோக்கறேன்." அப்போதுதான் என் கைக்கட்டைப் பார்த்தார்.

நான் முழுசாகக் கொடுத்ததை ஒருத்தரும் படிக்கவில்லை. கோவிந்தன் கிழித்துக் கொடுத்ததைப் படித்திருக்கிறார்கள். அவனைப் போய் அடித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சித்திரை 6, சனி

காலையில் மேகமூட்டம். வாசலில் கோவிந்தன். மேல்வரிசையில் நடுப்பல் இல்லை.

"உள்ளே வாப்பா."

"இங்கியே நிக்கிறேன் சார்." இரண்டு கை தூரத்தில்தான் நின்றான்.

மன்னிப்புக் கேட்டேன்.

"பல்லு போவட்டும். உனுக்கு வெரலே பூடுச்சாமே." பிறகு, "எனக்கு எழுத்து தெரியாது சார். பக்கத்து வூட்டுக்காரன் படிச்சுக் காட்டினான். குப்பத்துல எல்லாரும் சமையக்காரன்தான் கொன்னான்றாங்க. நான் புருஷன்காரன்னு சொல்லிக்கினு கீறேன். யாரு சார்?"

"புருஷனா? அவன் ஊரே மெச்சுகிற நல்ல மனுஷனாச்சே."

"நீயும் நல்ல மனுஷன்தானே சார்" என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னான்.

அவன் போய்விட்டான்.

ம. கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். காகிதமும் பேனாவும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, நான் எழுதறேன். யார் கொன்னது?"

"புருஷன்" என்றேன்.

எழுதினாள். தலை நிமிரவில்லை. "எனக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரியும்" என்றாள்.