அப்பா நம்பரில் இருந்த இன்னொருவர்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கணக்குப் போட்டு வாட்டிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதி இரண்டு முறை அழித்துவிட்டேன், மூன்றாம் முறை எழுத மனசு வரவில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை, ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். கையால் எழுதினால் உன்னிடம் வந்து சேர பத்து நாள் ஆகும், எனக்கு அவ்வளவு நேரம் இல்லை, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து டைப் அடித்து அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீ உடனே டிக்கெட் போடுவாய், இரண்டு பேருமே விஷயத்தை முழுசாகப் பேசியிருக்க மாட்டோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது, வாலு. அப்பா போன அன்றைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை, அன்றைக்குத் துக்கம்தான் இருந்தது. இப்போது ஐந்து நாளாகப் பயம்தான். வாசல் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு மாடி இறங்கி, மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் பார்க்கிறேன். காரணமே இல்லாமல் இப்படிச் செய்தால் நீ கேலி செய்யலாம். ஆனால் நான் ஒரு பெரிய அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டேன், அதில் ஒரு உயிர் போகப் பார்த்தது. முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் தாவிப் போகாமல் படி.

எங்கள் மருத்துவமனையில் பழைய சிஸ்டத்திலிருந்து புதுசுக்கு மாறுகிறோம் என்று ஒரு வருஷமாக உன் காதில் ஓதிக்கொண்டிருந்தேன் இல்லையா. பதினோரு வருஷத்து நோயாளிகள், நான்கு லட்சம் பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், அதில் என்ன நோய், என்ன மருந்து, எந்த மருந்து ஆகாது, எல்லாம் இருக்கும். அதை ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் எடுத்து மாற்றும் புரோகிராமை எழுதியது நான். அப்பா போன ஒன்பதாம் நாள் எங்கள் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். ஆமாம், நாம் அவசரம் என்று பேர் வைத்திருக்கிறோமே, அவரேதான். "மேடம், உங்க கஷ்டம் புரியுது, ஆனா பழைய சிஸ்டம் உங்களத் தவிர யாருக்கும் தெரியாதே" என்றார். நீ வேண்டாம் என்று சண்டை போட்டாய், ஒரு மாதம் லீவு போடு என்றாய், நான்தான் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் திரும்பின பக்கமெல்லாம் அப்பாவின் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் கிடந்தன, யார் வீட்டு லிஃப்டுக்கோ வாங்கி வைத்த ரோலர் ஒன்று பாத்ரூம் அலமாரியில் இருந்தது, ஆபீசில் அதெல்லாம் இல்லை. வேலைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். எல்லோரும் என்ன தைரியம் இந்தப் பெண்ணுக்கு என்றார்கள், நானும் தலையை ஆட்டிக்கொண்டேன்.

மாற்றுவதற்கு முன் ஒரு சின்ன வேலை உண்டு. இறந்துபோனவர்களின் பக்கங்களைப் புது சிஸ்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, தனியாக ஒரு காப்பகத்தில் போட்டு மூட வேண்டும். அந்தப் பட்டியல் வந்தது. நம் ஆஸ்பத்திரியில்தானே அப்பா போனார், அதனால் அவர் பேரும் இருந்தது, கடைசிப் பக்கத்தில், கீழிருந்து ஏழாவது. என்னால் முடியவில்லை, வாலு. நாலாயிரம் பேரை ஒரே பொத்தானில் மூடப்போகிறவள், அந்த ஒருவரை மூட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். இவரை மட்டும் பிறகு நானே நிதானமாகச் செய்துகொள்கிறேன் என்று புரோகிராமின் ஆரம்பத்தில் ஒரு வரி சேர்த்தேன், இன்னாரை இப்போதைக்குத் தொடாமல் விடு என்று. அந்த இன்னாரைச் சொல்ல நோயாளி எண் வேண்டும். எண் வேண்டுமென்றால் அவர் பக்கத்தைத் திறக்க வேண்டும், திறந்தால் கடைசி நாள் கடைசி மணி எழுதியது முதலில் கண்ணில் படும். அதற்குப் பயந்து, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த அவர் போன் நம்பரைப் போட்டேன். இந்த நம்பர் உள்ளவரைத் தொடாதே. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் இதைச் செய்திருந்தால் நான் கிழிகிழி என்று கிழித்திருப்பேன், ஒரு போன் நம்பர் ஒரு ஆளுக்குத்தான் சொந்தம் என்று யார் சொன்னது என்று கேட்டிருப்பேன்.

மாற்றி முடித்ததும் கணக்கு டேலி ஆக வேண்டும். இரண்டு குறைந்தது. ஒன்று அப்பா, அது எனக்குத் தெரியும். இன்னொன்றுக்கு ஒரு காரணம் நானே தயாரித்துக்கொண்டேன், அவர் ஒரு தரம் அட்டையைத் தொலைத்துவிட்டுப் புதுசு எடுத்தார், இரண்டு பதிவு இருக்கும் போல என்று. திறந்து பார்த்திருந்தால் அரை நிமிஷம். சோதனைப் பதிவுகள் இரண்டு, கணக்கில் சேராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு செய்துகொள்கிறேன் என்றதும் அப்படியே போயிற்று, புது சிஸ்டம் தொடங்கினதும் ஆயிரம் தொல்லை, மருந்தகத்தில் பிரிண்டர் வரவில்லை, டாக்டர்களுக்கு பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. உன் அப்பா தான் பழுது பார்த்த லிஃப்டில் தானே முதலில் ஏறி இறங்காமல் யாரையும் ஏற விடமாட்டார். நான் ஏறிப் பார்க்கவில்லை.

நம் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவை மறந்திருக்க மாட்டாய், உன் ஸ்கூல் பாவாடையை மூன்று வருஷம் இறக்கி இறக்கிக் கொடுத்தவர். ஆறு வருஷத்துக்கு முன் அவருக்குக் காய்ச்சல் என்று அப்பாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், அப்போது அவரிடம் போன் கிடையாது, கவுண்டரில் அப்பா தன் நம்பரைக் கொடுத்துப் பதிந்திருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது, இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்கிற ஆளா அவர். போன செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவுக்குக் கத்தரிக்கோல் பட்ட விரல் சீழ் வைத்து, ஜுரம் ஏறி நினைவு தடுமாறிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். கவுண்டரில் தேடினால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்கிறது சிஸ்டம். புதுப் பக்கம் தொடங்கினார்கள். பழைய பக்கத்தில் சிவப்பு எழுத்தில் இன்ன ஊசி ஆகாது, போடவே கூடாது என்று இருக்கிறது. புதுப் பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த ஊசியையே போட்டுவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிட்டதாம். பணியில் இருந்த டாக்டர் கெட்டிக்காரர், குழாய் போட்டுக் காப்பாற்றிவிட்டார். இரண்டு நாள் தீவிர சிகிச்சை, இப்போது மூன்றாம் மாடி வார்டில் இருக்கிறார். பிழைத்துவிட்டார், வாலு, பிழைத்துவிட்டார்.

விசாரணை வைத்தார்கள். பழி யார் மேல் என்று நினைக்கிறாய், கவுண்டரில் இருந்த கண்ணாடியக்கா மேல். கண்ணில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு கண்ணாடியோடு திரிவாரே, உனக்குக் கல்கண்டு கொடுப்பாரே, அவர்தான். சரியாகத் தேடவில்லை என்று சொல்லி, விசாரணை முடிகிறவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் போன் செய்தார். "பேர் போட்டுத் தேடினேன், விலாசம் போட்டுத் தேடினேன், மூணு தரம் தேடினேம்மா, என் கண்ணு அவ்வளவு மோசமாவா போச்சு" என்கிறார். மறுநாள் போய்க் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு குறையும் இல்லை என்றாராம் டாக்டர், அப்படியும் அவருக்குத் தன் கண் மேல் நம்பிக்கை வரவில்லை. அதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. சம்பவம் நடந்த அன்றே பழைய சிஸ்டத்தில் தையல்காரம்மாவைத் தேடினேன், பக்கம் வந்தது, போன் நம்பர் இருந்த கட்டத்தைப் பார்த்தேன், அப்பா நம்பர். எங்கள் அறை அடித்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்த இரைச்சல்கூட என் காதில் விழவில்லை. அவர் பக்கத்தை அப்போதே புதுசில் ஏற்றி, சிவப்பு எழுத்தையும் சரிபார்த்துவிட்டேன். ஆனால் ஏன் விட்டுப்போனது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

இதில் வேடிக்கையைக் கேள், தொழில்நுட்ப அறிக்கையை எழுத வேண்டியதே நான்தான். நாளைக் காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். அவசரம் வந்து, "சிஸ்டத்துல தப்பு ஒண்ணும் இல்ல, தேடுன விதம் சரியில்லன்னு ரெண்டு பாராவுல முடிச்சிடுங்க மேடம், அந்தம்மா எப்படியும் வயசானவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அந்த வரி தெரியாது, யாருக்கும் தெரியாது. அதை அழிக்க இரண்டு விநாடி போதும், அழித்த தடத்தைக் காட்டும் பதிவேடும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை அந்த வரி மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், வாலு. உன் அம்மா அப்படியும் உட்கார்ந்தாள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடிக்குப் போனேன். முகம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, குரல் கரகரக்கிறது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "உங்க ஜன்னல் திரை ரெண்டும் தைச்சது பாதியில நிக்குதே" என்று. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் இருந்திருந்தா அன்னிக்கு கூடவே வந்திருப்பாரு, இவங்களுக்கு இந்த ஊசி ஆகாதுன்னு அவரே சொல்லியிருப்பாரு" என்றார். நான் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அப்பா அவருக்குச் செய்த நல்லதையே நான் அவர் கழுத்துக்குக் கயிறாக்கிவிட்டேனே என்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அறிக்கையை எழுதிவிட்டேன். உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன், அந்த வரியை அப்படியே ஒட்டி, எழுதியது நான், காரணம் இது, கணக்கில் இரண்டு குறைந்ததை மறைத்துக் கையெழுத்துப் போட்டதும் நான், கவுண்டரில் எந்தத் தவறும் இல்லை என்று. கொடுத்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் போய்த் தையல்காரம்மாவிடமும் சொல்ல வேண்டும், விசாரணைக் குழுவைவிட அதுதான் எனக்கு அதிகப் பயம். வேலை போகலாம். வழக்கு வரலாம், அந்த அம்மா போட்டாலும் நியாயம்தான். இருபத்தாறு வருஷம் கெட்டிக்காரி என்று பேர் வாங்கினேன், அதுவும் போகும். இதையெல்லாம் நினைத்துப் பார்த்ததில், அறிக்கையைக் கிழித்துவிட்டுத் திரும்பவும் அந்த இரண்டு பாராவை எழுதலாமா என்று இந்தக் கடிதத்தின் நடுவிலேயே இரண்டு தரம் தோன்றிவிட்டது. அதனால்தான் உனக்கு அனுப்புகிறேன். உனக்குத் தெரிந்துவிட்டால் பிறகு என்னால் மாற்ற முடியாது.

நீ கிளம்பி வராதே, தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன். அப்பா போய் ஒரு வாரத்தில் நீயும் வகுப்புக்குப் போய் நின்றுவிட்டாய், போனில் பரீட்சைத் தாள் திருத்துகிறேன், மீட்டிங் இருக்கிறது என்றே சொல்கிறாய், அவர் பேச்சை எடுத்தால் சிக்னல் போய்விடுகிறது. எனக்கு அந்த சிக்னலைப் பற்றி நன்றாகத் தெரியும். அழ வந்தால் அழுதுவிடு, வகுப்பு நடுவில் வந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் ஒன்றும் ஓடிப்போக மாட்டார்கள். தலைக்குக் குளித்தால் துவட்டு. நீ நீடூழி வாழ வேண்டும், யார் முன்னாலும் தலைகுனியாமல், ராத்திரி படுத்ததும் தூக்கம் வருகிற மனசோடு இருக்க வேண்டும், இதற்கு மேல் உனக்கு என்ன ஆசீர்வாதம் செய்ய என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று மறக்காதே. நாளை இங்கே காலை ஒன்பதரை மணிக்கு உன்னைக் கூப்பிடுவேன், உனக்கு அப்போது வகுப்பு இல்லை என்று கணக்குப் பார்த்துவிட்டேன். அறிக்கை கொடுப்பதற்கு முன் அந்த வரியைப் பதிவேட்டில் தடம் தெரிய எடுத்துவிட்டு, இன்னும் விட்டுப்போயிருக்கும் ஒரு பதிவைச் சரி செய்து காட்ட வேண்டும். அப்பாவின் பக்கத்தைத் திறந்து, இறந்தவர் என்ற கட்டத்தில் நான் குறி போட்டு, காப்பகத்தில் மூட வேண்டும். நீ ஒன்றும் பேச வேண்டாம், ஆறுதல் சொல்ல வேண்டாம், போனை எடுத்து லைனில் மட்டும் இரு. நான் ஆயிற்று என்று சொன்னதும் வைத்துவிடு.

உன்,
அம்மா